பழைய ஆபீஸ் இன்டர்காமைக் காயலான் கடைக்குப் போடாமல் மீட்பது எப்படி?

அலுவலகத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்றால் முதலில் பழைய விலைக்குப் போவது இன்டர்காம்தான். ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. நான்கு வெளி லைன், பதினாறு எக்ஸ்டென்ஷன் (உள் போன் இணைப்பு) கொண்ட ஒரு '416' பெட்டிக்கு நெட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், உள்ளுக்குள் பேச ஒரு பைசா கட்டணமும் இல்லை. முதியோர் இல்லம், லாட்ஜ், கல்யாண மண்டபம், பள்ளி என்று இதற்கு ஏங்குகிற இடங்கள் நிறைய உண்டு. திருப்பூரில் ஒரு பழைய கட்டடத்திலிருந்து முழு செட்டையும் கழற்றி, ஒரு முதியோர் இல்லத்தில் ஓட வைத்த பிறகு இதை எழுதுகிறேன்.

1. எழுத்தில் அனுமதி

"எடுத்துக்கோங்க சார்" என்று மேனேஜர் வாயால் சொன்னால் போதாது. தனியார் நிறுவனம் என்றால் ஸ்கிராப் பில்லோ நன்கொடைக் கடிதமோ வாங்கிக்கொள்ளுங்கள், கேட் பாஸும் சேர்த்து. அரசு அலுவலகம் என்றால் கழிவுப் பொருளாக முறைப்படி அறிவித்து ஏலம் விடுவார்கள். அந்த வழியாக மட்டுமே வாங்குங்கள்.

2. கரண்ட் இருக்கும்போதே கணக்கு எடுங்கள்

முழு வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. பெட்டியும் போன்களும் கிடைத்துவிட்டால் இன்டர்காம் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் வயரை வெட்டி, சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். புது இடத்தில் எந்த போர்ட் (வயர் சொருகும் இடம்) எந்த நம்பர், எது ஆபரேட்டர், எதற்கு வெளி லைன் அனுமதி என்று ஒன்றும் தெரியாமல் பெட்டி மூலையில் கிடக்கும்.

ஆகவே பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, போன் வயர்களெல்லாம் வந்து சேருகிற க்ரோன் பாக்ஸைத் திறந்து படம் எடுங்கள். உள்ளே வயர் சொருகிய பட்டை ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல், அதில் பத்து ஜோடி வயர் இருக்கும். கேபிளின் நிற வரிசை மனப்பாடமாக இருந்தால் வேலை பாதியாகும். ஒரு பக்கம் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. அதற்கு ஜோடியாக நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளை-நீலம் முதல் ஜோடி, வெள்ளை-சாம்பல் ஐந்தாவது, சிவப்பு-நீலம் ஆறாவது. இப்படியே 25 ஜோடி வரை போகும்.

அப்புறம் ஒரு பட்டன் போனில் இரண்டு முதலைக் கிளிப் மாட்டி, க்ரோன் பாக்ஸில் ஏதாவது ஒரு ஜோடியில் இணைத்து, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாகக் கூப்பிடுங்கள். எந்த மேசையில் மணி அடிக்கிறது என்று கூட இருப்பவர் கத்திச் சொல்லட்டும். மேசை, எக்ஸ்டென்ஷன் நம்பர், மாட்யூல், ஜோடி, நிறம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதையே மாஸ்கிங் டேப்பில் எழுதி வயரிலும் ஒட்டுங்கள். ஜெல் பேனா வியர்வையில் கலைந்துவிடும், பால்பாயின்ட் போதும்.

புரோகிராமிங் விவரத்தையும் இப்போதே குறியுங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றில் இந்த விவரமெல்லாம் போர்டில் உள்ள சின்ன பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரியைப் பிடுங்கினால் எல்லாம் போச்சு. கதவின் உள்பக்கம் மடித்து ஒட்டிய தாள் ஏதும் இருந்தால் அது தங்கம். புரோகிராமிங் செய்ய அழுத்தும் குறியீட்டு எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், நெட்டில் எளிதில் கிடைக்காது.

3. கழற்றுவது

மெயின் சுவிட்சை அணைத்தாலும் பெட்டி செத்துவிடாது. கீழே 12 வோல்ட் பேட்டரி பேக்கப் இருக்கலாம். அதன் வயரைத் தனியாகக் கழற்றுங்கள். லைனில் 48 வோல்ட் வரை டிசி ஓடும். மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும். வியர்த்த கையில் அது நன்றாகவே சுள்ளென்று உறைக்கும்.

பெட்டிக்குள் சொருகிய கார்டுகள் எந்த ஸ்லாட்டில் இருந்தன என்று படம் எடுத்த பிறகே உருவுங்கள். போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்து, அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தால், விவரம் குறித்தாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வெட்டி எடுங்கள். கசிந்தது காரம் என்பதால் கொஞ்சம் வினிகர் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, சுத்தமான தண்ணீரில் அலசி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் காயவிடுங்கள்.

க்ரோன் மாட்யூல்களை விட்டுவிடாதீர்கள். நெம்பினால் பிளேட்டிலிருந்து வந்துவிடும். மாட்யூலில் வயரை அழுத்திப் பொருத்தும் பஞ்சிங் டூல் மட்டும் நல்லதாக வாங்குங்கள். மலிவு டூல் வயரை அழுத்தும், மீதியைச் சுத்தமாக வெட்டாது. அந்த ஒரு கருவிக்குச் செலவு செய்ய நான் யோசிப்பதே இல்லை.

4. சுழல் டயல் போன்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, என்னைப் பாடாய்ப் படுத்திய பகுதியும் இதுதான். பழைய அலுவலகங்களில் பெங்களூரு ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தயாரித்த கறுப்பு போன்கள் இன்னும் கிடைக்கின்றன. 1948-இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. கையில் எடுத்தால் கனம் தெரியும்.

பேச்சு கரகரத்தால் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே உள்ள கார்பன் வில்லையை உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். கட்டிப்பட்ட கார்பன் துகள்கள் உதிர்ந்தால் குரல் தெளியும். சோதிக்க எக்ஸ்சேஞ்ச் தேவையில்லை. 9 வோல்ட் பேட்டரி, 220 ஓம் ரெசிஸ்டர், போன் மூன்றையும் வரிசையாக இணைத்து, ரிசீவரை எடுத்து ஊதினால் காதில் கேட்க வேண்டும்.

டயல் விநாடிக்குப் பத்துத் துடிப்பு அனுப்ப வேண்டும். பூஜ்யத்தைச் சுழற்றி விட்டால் திரும்பி வர ஒரு விநாடிக்குச் சற்று மேலே ஆகலாம். இழுத்து இழுத்து வந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். எங்கள் செட்டில் சில போன்களில் பேச முடிந்தது, டயல் செய்ய முடிந்தது, ஆனால் மணி 'டிங்' என்று ஒரு தட்டோடு நின்றுவிடும். கூப்பிட்டவருக்கோ யாரோ எடுத்துவிட்டது போல அமைதி. ஒயரிங், போர்ட், மணியின் ஸ்பிரிங் எல்லாம் சரியாகவே இருந்தன. கோளாறு போனுக்குள் இருந்த பழைய பேப்பர் கண்டென்சரில்.

மணிச்சுருளுக்கு முன்னால் சுமார் 2 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கும். மணிக்கான ஏசியை அது விடும், டிசியைத் தடுக்கும். வயதானால் கசிந்து டிசியையும் விட ஆரம்பிக்கும். லைனில் டிசி ஓடினால் ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி புரிந்துகொண்டு, உடனே மணியை நிறுத்திவிடுகிறது. சோதிப்பது சுலபம். போனை லைனிலிருந்து கழற்றி, ரிசீவரை வைத்த நிலையில் இரு முனைகளுக்கும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு முழுத் தடைக்குப் போய்விட வேண்டும். இதற்கு முள் மீட்டரே நல்லது, டிஜிட்டலில் இந்தத் துள்ளல் சரியாகத் தெரியாது. சில பத்து கிலோ ஓமில் நின்றால் கண்டென்சர் போய்விட்டது. 250 வோல்ட் தாங்கும் 2 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டென்சர் போடுங்கள். பிளஸ் மைனஸ் உள்ள எலக்ட்ரோலிட்டிக் ஆகாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும்.

சின்ன பெட்டிகளின் மணி சப்ளை பலவீனமானது. ஒரு எக்ஸ்டென்ஷனில் உலோக மணி போன் ஒன்றுக்கு மேல் இணைக்காதீர்கள்.

5. வீடு தேடுவது

ஓடுகிற செட் என்றால் ஓட்டப்போகிற இடத்துக்கே கொடுங்கள், பிரிக்காமல். பெட்டி ஒருவருக்கு, போன் ஒருவருக்கு என்று பங்கு போட்டால் இரண்டுமே வீணாகும். பாலிடெக்னிக் எலக்ட்ரானிக்ஸ் லேபுகளும் நல்ல வீடு. மணி எப்படி அடிக்கிறது, டயல் டோன் எங்கிருந்து வருகிறது என்று மாணவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துக் கற்கலாம். ஓடாத அழகான போன்களை சினிமா கலைத்துறைக்குப் பொருள் வாடகைக்கு விடுபவர்கள் வாங்குவார்கள். அருங்காட்சியகத்தை அணுகுவதாக இருந்தால், இது எந்த ஊரில், எந்தத் தொழில் செய்த இடத்தில், எந்த ஆண்டிலிருந்து இருந்தது என்று ஒரு பக்கம் எழுதி, பழைய இடத்தில் எடுத்த படத்தோடு அனுப்புங்கள். வரலாறு இல்லாத பொருளை அவர்களால் எங்கே வைப்பது என்று தீர்மானிக்க முடியாது.

கொடுக்கும்போது அந்த நோட்டின் நகலைப் பெட்டிக் கதவுக்குள் ஒட்டிவிடுங்கள். போகும் இடத்தில் ஒருவருக்காவது, ஆள் மாறினால் எக்ஸ்டென்ஷனை மாற்றுவது எப்படி என்று செய்து காட்டுங்கள்.

மிஞ்சிய செத்த போர்டுகளைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமும், ஈய பேட்டரியைப் பேட்டரி கடையிலும் கொடுங்கள். செம்புக்காகக் கேபிளை எரிப்பவர்களிடம் தராதீர்கள். பிவிசி புகை நஞ்சு.

பின்னால் சேர்த்தது

ஃபைபர் மோடத்தின் போன் போர்ட்டை இந்தப் பெட்டியில் இணைக்கலாமா என்று பலர் கேட்டீர்கள். இணைக்கலாம், ஆனால் பெட்டியின் வெளி லைன் போர்ட்டில் மட்டும். எக்ஸ்டென்ஷன் போர்ட்டில் சொருகினால் இரண்டு பக்கமும் மின்சாரம் தள்ளும், ஏதாவது ஒன்று கெடும். மோடங்கள் பெரும்பாலும் பழைய துடிப்பு டயலைப் புரிந்துகொள்ளாது. வெளி லைனை டோனுக்கு, அதாவது பட்டன் போனின் 'பீப்' ஒலி முறைக்கு, மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் லைனில் 'உம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்று எழுதியவருக்கு: முதலில் போன் வயர் வந்து முடியும் சுவர்ப் பெட்டியான ரோசட் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஈரத்தில் ஒரு வயர் சுவரோடு எர்த் ஆகியிருக்கலாம். காயவைத்து, சுவரிலிருந்து ஒரு மரக்கட்டை வைத்து விலக்கி மாட்டினால் சரியாகிவிடும்.