தெயுனாவுக்கு முதல்முறை நடக்கப் போகிறீர்களா?

கொலம்பியாவின் சியரா நெவாதா மலைக்காட்டுக்குள் இருக்கும் பழைய ஊர் தெயுனா. கி.பி. 800 வாக்கில் தைரோனா மக்கள் கட்டத் தொடங்கியது; பெரு நாட்டின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவை விட 600 ஆண்டுகளாவது மூத்தது. 1970களில் புதையல் தேடிகள் கண்ணில் பட்ட பிறகு 'தொலைந்த நகரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மலையில் வாழும் கோகி, விவா மக்களுக்கு அது தொலையவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

1. வழிகாட்டி இல்லாமல் போக அனுமதி கிடையாது. சாந்தா மார்த்தா நகரில் பதிவு செய்யலாம். போய்வர பெரும்பாலும் நான்கு நாள். விவா வழிகாட்டி கிடைப்பாரா என்று கேளுங்கள், தன் சொந்த மலையைக் காட்டுபவரோடு நடப்பதே தனி அனுபவம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. செப்டம்பரில் சடங்குகளுக்காகப் பாதையை மூடிவிடுவார்கள்.

2. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளாவது முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

3. பை எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் ஒரு செட் துணியும் ஒரு ஜோடி சாக்ஸும் பிளாஸ்டிக் உறையில் கட்டி, இரவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். இந்தக் காட்டில் ஒருமுறை நனைந்தது லேசில் காயாது. காலையில் பழைய ஈரத் துணியையே மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

4. விடியும்போதே நடை தொடங்கும், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால். ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். ஆற்றில் இறங்கும் முன் பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். கால் வழுக்கினால் பையை உடனே உதறலாம்.

5. கடைசியில் புரிதாக்கா ஆற்றங்கரையிலிருந்து சுமார் 1,200 கல்படிகள். பாசி படிந்தவை, பாதி பாதம் வைக்கத்தான் அகலம். ஏறியதும் வட்ட வட்டமான கல்மேடைகள். மரவீடுகள் நின்ற இடங்கள் அவை. அவசரப்படாமல் குனிந்து பாருங்கள்: மழைநீர் மண்ணை அரிக்காதபடி தைரோனா மக்கள் அமைத்த கல் வடிகால்கள் தெரியும்.

6. கோகி ஆண்கள் கையில் சிறு சுரைக்குடுவை இருக்கும். கடற்சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு அதில். அவர்களுக்கு அது புனிதமானது. கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளையும்தான்.

அப்புறம், இறங்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள்.