முருங்கையிலைத் தேநீர்: காய வைப்பதில் விடும் பிழைகள்

மட்டக்களப்புப் பக்கம் முருங்கை இல்லாத வளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் முருங்கையிலைத் தூளைப் பைக்கற்றில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பலர். கேட்டால், வீட்டில் காய வைத்த இலையில் போட்ட தேநீர் வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் இலையைக் காய வைத்த விதத்தில்தான் பிழை இருக்கும்.

நெல்லும் மீனும் வெயிலில் காய வைத்துப் பழகிய ஊர் இது. அதே பழக்கத்தில் முருங்கையிலையையும் முற்றத்து வெயிலில் பரப்பிவிடுகிறோம். சுள்ளென்ற வெயில் பட்டால் இலை மஞ்சளடித்துப் போகும், மணம் போகும், இலையில் உள்ள கரோட்டினும் (உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து) சிதையும். காற்றோட்டமான விறாந்தையில், நிழலில், மெல்லிய துணியின் மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது புரட்டி விடுங்கள். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலம்தான் இதற்குத் தோது. அந்த வறண்ட காற்றில் இரண்டு மூன்று நாளில் இலை மொறுமொறுவென்று ஆகிவிடும்.

மாரியில் இந்த வேலையே வேண்டாம். வாவிக்கரை ஈரக்காற்றில் இலை காய்வதற்குள் கறுத்துவிடும். அப்போது மரத்தில் இருப்பதைப் பச்சையாகவே சமையுங்கள்.

இலையை உருவிய பிறகு கழுவுவதும் பிழைதான். சின்ன இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் ஈரம் நின்றுவிடும். கொப்போடு கழுவி, தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு உருவுங்கள். மயிர்க்கொட்டி இருக்கிறதா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள். கல்முனை வீதி போல வாகனம் ஓயாத தெருவோரத்து மரத்தை விட்டுவிட்டு, வளவுக்குள் நிற்கும் மரத்தில் பறிப்பது நல்லது.

அப்புறம் அவசரம். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது சரியாகப் போகாமல் போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். விரலால் கசக்கினால் இலை நொறுங்க வேண்டும், ஈர்க்கு வளையாமல் படக்கென்று முறிய வேண்டும். பூசண மணம் வந்துவிட்டால் திரும்பவும் காய வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வெளிச்சம் படாத அலுமாரியில் வையுங்கள்.

தேநீர் போடுவது சின்ன வேலை. கொதிக்கக் கொதிக்க இலையைப் போட்டு அவிக்காதீர்கள், கசப்பும் கீரை வாடையும்தான் மிஞ்சும். கேத்தலை இறக்கி ஒரு நிமிடம் விட்டு, ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். தேசிக்காய்ப் புளி நாலு துளி விடலாம். சாயத் தேயிலையோடு கலக்க வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

இதைக் குடித்தால் முருங்கையின் சத்தெல்லாம் கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வடித்து எறியும் சக்கையோடு அதுவும் போய்விடுகிறது. தேங்காய்ப்பூ போட்ட முருங்கையிலைச் சுண்டலுக்கு இந்தத் தேநீர் ஈடாகாது. ஆகவே பிள்ளைகளுக்குச் சுண்டலை நிறுத்திவிட்டுத் தேநீரைக் கொடுக்காதீர்கள்.

இலையோடு வேரையும் பட்டையையும் சேர்த்து அவிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றைத் தொடவே வேண்டாம், கர்ப்பிணிகள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நீரிழிவுக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் தினமும் குடிக்கத் தொடங்கும் முன் கிளினிக்கில் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் அப்படியே. முருங்கையிலையில் விற்றமின் கே நிறைய உண்டு, அது அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.