சிப்பி மேட்டின் வயது: சேனல் தீவுகளில் சறுக்கும் இடங்கள்

கலிஃபோர்னியாவின் தென்கரைக்கு எதிரே இருக்கும் வடக்குச் சேனல் தீவுகளில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான சூமாஷ் மக்களின் முன்னோர் தின்று போட்ட சிப்பிகள் மேடுமேடாகக் கிடக்கின்றன. வளை தோண்டும் கோஃபர் எலிகள் இங்கே இல்லாததால் மண்ணடுக்குகள் அதிகம் குலையவில்லை. தோண்டுவது எளிது, வயது சொல்வதில்தான் சறுக்கல்.

சிப்பியின் கரிம வயதை, அதாவது கதிரியக்கக் கரிமம் (C-14) தேய்ந்த அளவை வைத்துக் கணிக்கும் வயதை, அப்படியே எடுத்துக்கொள்வது பெரிய பிழை. கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருக்கிறது. அதனால் அதில் வளரும் ஓடு சுமார் 400 ஆண்டு மூத்ததாகக் காட்டும். இந்தக் கரையோரம் ஆழத்து நீர் மேலெழுவதால் இன்னும் 200 ஆண்டுக்கு மேல் கூடும். செத்த அன்றே சிப்பிக்கு 600 வயது! கரிம வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும், கடலுக்கான அளவீட்டு வளைகோட்டில் போட்டு (கடலின் பொதுவான மூப்பு அதிலேயே அடங்கும்), இந்தக் கரைக்குரிய திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். முதலிலேயே 400ஐக் கழித்துவிட்டு அதே வளைகோட்டிலும் போடுகிறவர்கள், ஒரே பிழையை இருமுறை திருத்துகிறார்கள்.

சரி, அடுப்புக்கரியை எடுத்தால்? அங்கேயும் பொறி உண்டு. கரை ஒதுங்கிய கட்டைகளையும் இங்கே எரித்தார்கள். ரெட்வுட் போன்ற நெடுநாள் மரத்தின் உள்வளையம், அடுப்பு மூட்டிய நாளைவிடப் பல நூற்றாண்டு மூத்ததாக இருக்கலாம். சுள்ளி, கருகிய விதை போன்ற குறுகிய ஆயுள் பொருள்களையே அனுப்புங்கள். கிடைத்தால் அதே அடுக்கின் சிப்பியையும் சேர்த்து.

மண்ணே கலக்காமல், அபலோனி என்ற கடல்நத்தையின் பெரிய கறுப்பு ஓடுகள் மட்டும் முழுசு முழுசாகக் குவிந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டுச் சீன மீனவர்களின் முகாமாக இருக்கலாம். கழுகுக்கூட்டின் அடியில் சேர்ந்த மீன்முள்ளையும் மனிதர் கணக்கில் எழுதிவிடுவதுண்டு.

6 மில்லிமீட்டர் சல்லடையில் சிறுமீன் முதுகெலும்பும், ஒலிவெல்லா என்ற சிறு கடல்நத்தையின் ஓட்டில் செய்த மணிக்குத் துளையிட்ட நுண்கல் துரப்பணமும் நழுவிவிடும். 3 மில்லிமீட்டர் போதுமானது. மேட்டின் ஒரு மூலையிலிருந்து செங்குத்தாக வெட்டிய மாதிரியை மட்டும் 1.5 மில்லிமீட்டர் சல்லடையில் தண்ணீர் விட்டுச் சலியுங்கள்.

கரையோரம் பழைய மேடு இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன் நான்கு தீவுகளும் சாண்டாரோசே என்ற ஒரே நிலம். அன்றைய கரை இன்று கடலடியில். சாண்டா ரோசா தீவின் ஆர்லிங்டன் ஸ்பிரிங்ஸில் 1959இல் கிடைத்த, ஏறத்தாழ 13,000 ஆண்டு பழமையான மனித எலும்புகள் அன்றைய கரையிலிருந்து தள்ளி உள்நிலத்தில் கிடந்தவை.

மனித எலும்பு தென்பட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். குழியைப் பாதுகாத்து, தீவுகளின் தேசியப் பூங்கா நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். பூர்வகுடிகளின் கல்லறைகளைக் காக்கும் 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி சூமாஷ் சமூகத்தோடு கலந்து பேசாமல் அதற்குமேல் வேலை நகராது.