பாரீஸ் போனால் ஒரு நாளை ப்ரூஜுக்கு ஒதுக்குங்கள்

புதுச்சேரியிலிருந்து பிள்ளைகளையோ உடன்பிறந்தவர்களையோ பார்க்கப் பிரான்ஸ் போகும் பலருக்கு, ஈஃபில் கோபுரமும் லூர்து மாதாவும் முடிந்துவிட்டால் மீதி நாள் வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. அவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் ஊர் பெல்ஜியத்தின் ப்ரூஜ். காலையில் கிளம்பி இரவே திரும்பிவிடலாம். கால்வாய்களும் செங்கல் வீடுகளும் நிறைந்த பழைய நகரம், நடந்தே பார்த்துவிடலாம். முட்டிவலிக்காரரான என் அம்மாவே அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார்.

அக்கா வீடு பாரீஸின் புறநகரான சார்செல் பக்கம். அங்கிருந்து ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயில் நேராக பாரீஸின் கார் து நோர் நிலையத்துக்குப் போகிறது. அங்கே யூரோஸ்டார் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ப்ரஸல்ஸின் 'மிதி' நிலையம். இந்த டிக்கெட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மிதியில் இறங்கி ஓஸ்டெண்ட் பக்கம் போகும் பெல்ஜிய ரயிலில் மாறினால் இன்னும் ஒரு மணி நேரம். இதற்கு முன்பதிவு கிடையாது, இடம் இருக்கும் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். மிதியில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பிரெஞ்சு விசாவில் போனவர்களுக்குப் பெல்ஜியத்துக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ப்ரூஜில் பேசுவது டச்சு. நமக்குப் பிரெஞ்சு வருமே என்று அதிலேயே ஆரம்பிக்க வேண்டாம், ஆங்கிலத்தில் கேட்டால் நன்றாகவே பதில் சொல்கிறார்கள். திரும்பும்போது பலகையில் 'மிதி' இருக்காது, 'ப்ரஸல் ஸாய்ட்' என்று போட்டிருக்கும். இரண்டும் ஒரே நிலையம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலானவர்கள் கடைத்தெரு வழியாக நேரே மார்க்ட் சதுக்கத்துக்குப் போகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஊரைக் கடைகளாக மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் மின்னவாட்டர் பூங்கா வழியாக உள்ளே போங்கள். ஏரி, அன்னங்கள், அப்புறம் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால் பெகைன்ஹாஃப். 1245-இல் தொடங்கியது. துறவற உறுதிமொழி எடுக்காமலே இறைவாழ்வு வாழ்ந்த பெண்கள் குடியிருந்த வெள்ளை வீடுகள், நடுவில் உயரமான மரங்கள். இப்போது பெனடிக்ட் சபைக் கன்னியர் இருக்கிறார்கள். உள்ளே சத்தம் போடக்கூடாது. அம்மா ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். அவசரப்படாமல் இருக்க வேண்டிய இடம் என்றால் எனக்கு அதுதான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அன்னை மரியாள் ஆலயம். செங்கல் கோபுரம் 115 மீட்டர் உயரம். உள்ளே மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாயும் சேயும் பளிங்குச் சிலை இருக்கிறது. அது இருக்கும் பகுதிக்கு மட்டும் டிக்கெட். 1794-இல் பிரெஞ்சுப் படையினர் இதை எடுத்துப் போனார்கள், திரும்ப வந்தது. 1944-இல் நாஜிகள் எடுத்துப் போய் ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்தில் ஒளித்தார்கள், அதிலிருந்தும் மீண்டு வந்தது. மாதாவின் பார்வை குழந்தைமேல் இல்லாமல் கீழே தாழ்ந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், டிக்கெட் காசு பெரிதாகத் தெரியாது.

அடுத்து டைவர் என்ற கால்வாய்க் கரை. படகுச் சவாரியை இங்கேயே முடித்துவிடுங்கள், மதியத்துக்குமேல் வரிசை நீண்டுவிடும். திறந்த படகில் அரை மணி நேரச் சுற்று. ஐந்து துறைகள் இருக்கின்றன, எதில் ஏறினாலும் கிட்டத்தட்ட அதே வழிதான், கூட்டம் குறைந்த துறையில் ஏறுங்கள். குளிர்காலத்தில் படகு பெரும்பாலும் ஓடாது, மார்ச்சிலிருந்து நவம்பர் நடுவரை போவதுதான் நல்லது.

இவ்வளவு அழகு எப்படி அழியாமல் தப்பியது என்று படகில் இருக்கும்போது தோன்றும். கடலிலிருந்து ஸ்வின் என்ற நீர்வழி ஊருக்குப் பக்கத்தில் வரை இருந்ததால் கப்பல்களும் கம்பளி வணிகமும் இங்கே கொழித்தன. புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு முகத்துவாரம் மணல் தூர்ந்தால் படகு வெளியே போக முடியாமல் நம் மீனவர்கள் தவிக்கிறார்களே, அதேபோல ஸ்வின்னும் மெல்ல மெல்லத் தூர்ந்தது. வணிகர்கள் ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டார்கள். காசு போனதால் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. 2000-இல் யுனெஸ்கோ பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

பர்க் சதுக்கத்தில் திரு இரத்தப் பேராலயம் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் தவறவிட வேண்டாம். ஆண்டவர் விண்ணேற்ற நாளன்று பெரிய ஊர்வலம் நடக்கும். பக்திக்காகப் போகிறவர்களுக்கு அது பாக்கியம், ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குக் கூட்டம் தாங்காது. மார்க்டில் உள்ள மணிக்கூண்டு 83 மீட்டர், 366 படி. முட்டி நன்றாக இருப்பவர்கள் ஏறட்டும், மற்றவர்கள் கீழே நின்று மணியிசை கேட்டால் போதும். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் மின்னவாட்டர் பெஞ்சில் அருமையாக இறங்கும். உருளைக்கிழங்கு ஃப்ரிட் அங்கே பிரசித்தம்தான், ஆனால் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டில், கழிவறைக்குச் சில்லறை யூரோ, கோடையானாலும் ஒரு குடை. தெருவெல்லாம் கருங்கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

பாண்டிக்குச் சாக்லேட் வாங்குவதென்றால் கிரீம் அடைத்த பிரலின் வேண்டாம். நம் வெயிலுக்கு நிற்காது. கட்டிச் சாக்லேட்டாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.