டப்பாவில் சாமைச் சோறு: ‘சுத்தமான’ சாப்பாட்டை விடும்போது செய்யும் தவறுகள்

ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த ஜாங்கிரியை ஓரம் தள்ளிவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்துச் சாமைச் சோறு சாப்பிட்டவன் நான். பரிமாறியவர் “தம்பிக்கு சுகரா?” என்று பரிதாபமாகக் கேட்டார். சுகரெல்லாம் இல்லை. சீனி, மைதா, ரீஃபைண்டு எண்ணெய் எதையும் தொடக்கூடாது என்ற பிடிவாதம். இப்படி முற்றிப்போவதற்கு ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997-லேயே ‘ஆர்த்தோரெக்சியா’ என்று பேர் வைத்துவிட்டார்.

இந்தப் பிடிவாதத்தை விடலாம் என்று முடிவெடுத்ததும் செய்த முதல் தவறு ‘சீட் டே’ (cheat day), அதாவது வாரத்தில் ஒரு நாள் மட்டும் கட்டுப்பாட்டை மீறுவது. ஞாயிறு மட்டும் பரோட்டா. ஆறு நாள் அதே நினைப்பு, ஏழாம் நாள் மூச்சு முட்டத் தின்றுவிட்டு திங்கட்கிழமை பட்டினி. அந்தப் பட்டினிதான் அடுத்த ஞாயிறின் வெறிக்குத் தீனி. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றோடு வைத்துப் பார்த்தார். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல், சமையல் புத்தகம் சேர்க்கிற அளவுக்குச் சிலர் போனார்கள். செவ்வாய் சாயங்காலம் பரோட்டா சாப்பிட்டாலும் புதன் காலை எப்போதும்போல இட்லி சாப்பிடுங்கள். ஈடுகட்ட வேண்டாம்.

சீனி கூடாது, கருப்பட்டி ஆகும் என்று சமாதானம் செய்துகொள்வது இன்னொன்று. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். கருப்பட்டிக் காபி ருசிக்காகக் குடிக்க வேண்டியது, பரிகாரத்துக்காக அல்ல.

எல்லாத் தடையையும் ஒரே நாளில் எடுக்கவும் வேண்டாம். பயம் குறைவான ஒன்றில் தொடங்கலாம். எனக்கு அது வெள்ளைச் சோறு. முதல் சில நாள் வயிறு உப்பியது. “பார்த்தாயா, ஒத்துக்கவில்லை” என்று மனசு உடனே வாதாட வந்துவிட்டது. குறைவாகவே சாப்பிட்டுப் பழகிய வயிறு மெதுவாகத்தான் காலியாகும், அப்புறம் சரியாகிவிடும். அந்த நாட்களில் தினமும் எடை பார்த்தது பெரிய முட்டாள்தனம். உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. முள் ஏறுவதைப் பார்த்து, கொழுப்பு என்று நினைத்து மறுபடி சாமைக்கு ஓடினேன்.

ரொம்ப மெலிந்துபோனவர்கள், மாதவிடாய் நின்றுபோனவர்கள், அடிக்கடி தலைசுற்றுகிறவர்கள் தாங்களாக எதையும் செய்யக்கூடாது, முதலில் டாக்டரிடம் போக வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை நோய்க்கும், கோதுமையிலுள்ள குளூட்டன் ஆகாத சீலியாக் நோய்க்கும் டாக்டர் சொன்ன பத்தியம் வேறு கதை, அதில் கை வைக்காதீர்கள்.

வீட்டில் சொல்லாமல் ரகசியமாக மாற நினைத்ததும் தவறுதான். ஹோட்டலில் பொங்கல் தின்றுவிட்டு வீட்டில் வரகு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மாவின் வத்தக்குழம்புக்கு வெள்ளைச் சோறே போடச் சொன்னேன். எண்ணெய் எதுவென்று கேட்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல், எனக்கென்று வைத்திருந்த சின்னக் குக்கரைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினார்.