டிராம்போன் ஸ்லைடு இறுகுகிறதா? எண்ணெய் பாட்டிலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மாதா கோயில் தேர்பவனிக்குக் கிளம்பும் நேரத்தில் டிராம்போனின் ஸ்லைடு, அதாவது சுரம் மாற்ற முன்னும் பின்னும் இழுக்கும் குழாய், இறுகினால், பழைய பூச்சின் மேலேயே இன்னும் நாலு சொட்டு விட்டுக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். அரை மணி நேரம் வழுக்கும், அப்புறம் முன்பைவிட மோசமாகும். பெரும்பாலும் எண்ணெய் குறைந்ததால் ஸ்லைடு இறுகுவதில்லை. உள்ளே சேர்ந்த அழுக்குதான் காரணம்.

ஸ்லைடின் உள்குழாய் இரண்டையும் உற்றுப் பாருங்கள். கீழ்முனையில் சில அங்குலத்துக்கு மட்டும் குழாய் சற்றே தடித்திருக்கும். அதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். வெளிக்குழாயோடு உரசி ஓடுவது முக்கியமாக அந்தப் பகுதிதான். ஆகவே கிரீமோ திரவமோ அங்கே மெல்லியதாகத் தடவி, நாலு முறை இழுத்துவிட்டு, மேலே தண்ணீர் ஸ்பிரே அடித்தால் போதும். குழாய் முழுக்க அப்பினால் மிச்சமெல்லாம் எச்சிலோடு கலந்து பசையாகிவிடும்.

எதைத் தடவுகிறோம் என்பதில்தான் விதவிதமான தவறுகள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில் நம்ம ஊரிலேயே அது நடக்கும். வாசலின் கெட்டியானது. தையல் மெஷின் எண்ணெய் தண்ணீரோடு சேராது. டியூனிங் ஸ்லைடு (சுருதி சேர்க்கும் குழாய்) கிரீஸ், குழாய் வைத்த இடத்திலேயே நிற்பதற்காகச் செய்தது. அதைக் கை ஸ்லைடில் போட்டால் எப்படி ஓடும்? வெளிநாட்டு வாத்தியக்காரர்கள் பலர் ஒரு காலத்தில் பாண்ட்ஸ் கோல்டு கிரீமும் தண்ணீரும் வைத்துத்தான் வாசித்தார்கள். அதைக் கேட்டுவிட்டுக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு முகக் கிரீமை வாங்கித் தடவாதீர்கள். டிராம்போட்டின், ஸ்லைடு-ஓ-மிக்ஸ் போல இதற்கென்றே விற்பது கிடைத்தால் அதுதான் நல்லது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையதைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள்.

ஸ்பிரே பாட்டிலில் போர் தண்ணீரை ஊற்றக் கூடாது. கடலோரத்தில் பல இடங்களில் அது உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, காய்ந்தால் வெள்ளைப் படிவு விடும். கேன் தண்ணீர் ஊற்றுங்கள்.

கழுவும்போது கொதிநீர் வேண்டாம், பித்தளைமேல் பூசிய லாக்கர் பூச்சு உரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்தால் போதும். வெளிக்குழாயின் உள்ளே துடைக்க, கிளீனிங் ராடின் நீளம் முழுவதையும் நூல் பிசிராத துணியால் சுற்றுங்கள். நுனியில் மட்டும் துணி செருகினால் மிச்சக் கம்பி குழாயைக் கீறிவிடும். எந்தக் குழாயைத் துடைக்கிறீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பலரும் பக்கத்துக் குழாயைப் பிடித்து முறுக்குகிறார்கள். இரண்டு குழாயும் இணையாக இருந்தால்தான் ஸ்லைடு ஓடும். அந்த முறுக்கலில் இணை தப்பினால் எந்தக் கிரீமும் உதவாது. பளபளப்புக்காக பிராஸோவை ஸ்லைடு பக்கம் கொண்டுவரவே கூடாது. அதிலிருக்கும் தேய்ப்புத்தூள் உள்ளே போனால் தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கல்யாண வீட்டில் கேசரியும் டீயும் முடித்த கையோடு வாசிக்கப் போகிறவர்கள் ஒரு வாய் தண்ணீர் கொப்பளியுங்கள். சர்க்கரை எச்சில் நேராக ஸ்லைடுக்குள்தான் போகிறது.

அப்புறம் மணல். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடற்கரையில் வாசிக்க நேர்ந்தால், ஓய்வு நேரத்தில் ஸ்லைடின் அடியை மணலில் ஊன்றி நிற்காதீர்கள். உள்குழாயின் குரோம் பூச்சில் கீறல் போட ஒரு மணல் துகள் போதும். வீடு வந்ததும் தண்ணீரை வடித்து, ஈரம் துடைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். உப்புக்காற்று பட்ட பித்தளை ஈரத்தோடு மூடிக் கிடந்தால் சீக்கிரம் அரிக்கும்.

இவ்வளவும் செய்தபின் சோதித்துப் பாருங்கள். ஸ்லைடைப் பூட்டியிருக்கும் லாக்கைத் திறந்து, வாத்தியத்தை நிமிர்த்திப் பிடித்து, கீழே ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு வெளிக்குழாயை விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே நெளிவு இருக்கிறது. பாத்திரப் பட்டறையில் கொடுத்துத் தட்டச் சொல்லாதீர்கள். குழாய்க்குச் சரியான அளவு மாண்ட்ரெல் (நெளிவெடுக்க உள்ளே விடும் கம்பி) வைத்திருக்கும் பித்தளை வாத்திய ரிப்பேர்காரரிடம், ஸ்லைடு எந்த பொசிஷனில், அதாவது எவ்வளவு இழுத்த இடத்தில், தடுக்குகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.