புது டேப் வாங்கலாமா, பழையதே போதுமா? முடிவெடுக்க ஒரு செய்முறை

"டேப் ரொம்ப ஸ்லோ, புதுசு ஒன்று வாங்கணும்" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், கடைக்குக் கிளம்புமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். டேப் தடுமாறுவதற்குக் காரணங்கள் பல. புதிது வாங்கினால்தான் தீரும் என்பவை அவற்றில் சிலவே. வைஃபை, நிரம்பிய ஸ்டோரேஜ், நைந்த சார்ஜர் வயர், தேய்ந்த பேட்டரி இவற்றையெல்லாம் குறைந்த செலவிலோ செலவே இல்லாமலோ சரிசெய்யலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். காசு கேட்காத சோதனைகள் முதலில் வருகின்றன, டேப்பில் உள்ளதை அழிக்கும் சோதனை கடைசியில் வருகிறது.

படி 1: விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டு டேப் என்றால் செட்டிங்ஸில் கடைசியாக இருக்கும் "அபவுட் டேப்லெட்" பகுதியைத் திறங்கள். மாடல் பெயர், ஆண்ட்ராய்டு எண், செக்யூரிட்டி பேட்ச் (கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்) தேதி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சாம்சங்கில் பின்னிரண்டும் "சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்" உள்ளே இருக்கும். ஐபேடில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போக வேண்டும். பில் கிடைத்தால் வாங்கிய தேதியையும் சேர்த்து எழுதுங்கள். படி 6-ல் இந்தக் காகிதம் தேவைப்படும்.

படி 2: ரவுட்டர் பக்கத்தில் போய் உட்காருங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் டேப்பின் மேல் விழும் பழியில் பெரும்பங்கு வைஃபைக்குச் சேர வேண்டியது. ஃபைபர் வயர் தெருப்பக்கமிருந்து வருவதால், பொருத்த வருகிறவர் முகப்பிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்புக்கும் வளவுக்கும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி), வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் நடுவே கனத்த செங்கல்-சுண்ணாம்புச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் வேகம் குறைவு. இரண்டாம் கட்டில் உட்கார்ந்து சிங்கப்பூர்ப் பேரனோடு பேசும் அப்பத்தாவுக்குப் படம் உறைந்து நிற்பது இதனால்தான். புது டேப் வாங்கிக் கொடுத்தாலும் அதே இடத்தில் அதே மாதிரிதான் உறையும்.

சோதனை எளிது. டேப்பை ரவுட்டரிலிருந்து ஆறேழு அடிக்குள் வைத்து, வேகம் அளக்கும் தளம் ஒன்றில் எண்ணைப் பாருங்கள். பிறகு வழக்கமாக உட்காரும் இடத்தில் அதையே செய்யுங்கள். அதே இடத்தில் ஒரு கைபேசியிலும் அளந்துகொள்ளுங்கள். வீடியோ காலுக்கு, போக வர இரு திசையிலும் 2 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் தாராளம்.

ரவுட்டர் அருகில் நன்றாக ஓடி உள்ளே தடுமாறினால், குறை வீட்டின் வைஃபையில். முதலில் ரவுட்டரை வளவின் திறந்த முற்றத்தைப் பார்த்தபடி, ஆள் உயரத்துக்கு மேலே மாற்றி வையுங்கள். முற்றத்தில் சுவர் கிடையாது என்பதால் அலை தடையின்றி எதிர்ப்பக்கத் தாழ்வாரம் வரை போகும். இது மட்டுமே போதுமானதாகிவிடும் வீடுகள் உண்டு. போதவில்லை என்றால் இரண்டாம் கட்டுக்கு ஒரு கேட்-6 வயர் (நெட்வொர்க் வயர்) இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" முறையில், அதாவது அதே இணைப்பை வைஃபையாகப் பரப்பும்படி, வையுங்கள். இந்த வயர் 100 மீட்டர் வரை ஒழுங்காக வேலை செய்யும். முற்றத்து ஓரமாகப் போகும் வயரை பிவிசி குழாய்க்குள் விடுங்கள், வெயிலில் மேலுறை வெடிக்கும். தேக்குத் தூணிலும் பழைய சுண்ணாம்புப் பூச்சிலும் துளை போட வேண்டாம். வயர் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு மெஷ் வைஃபை இருக்கிறது: ஒன்றிலிருந்து ஒன்று சிக்னல் வாங்கிப் பரப்பும் பெட்டிகள். அதில் எல்லாரும் செய்யும் பிழை, இரண்டாவது பெட்டியைச் சிக்னலே இல்லாத அறையில் வைப்பது. முதல் பெட்டியின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் நடுவழியில்தான் அதை வைக்க வேண்டும்.

ரவுட்டர் அருகிலும் டேப் மட்டும் திணறி, கைபேசி நன்றாக ஓடினால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: ஸ்டோரேஜைக் காலிசெய்யுங்கள்

32 ஜிபி டேப் என்றால் அதில் ஒரு பெரும்பகுதியைச் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மீதியை வாட்ஸ்அப் வீடியோக்கள் நிரப்பிவிடும். டேப்பின் மெமரியில் புதிதாக எழுத வெற்றுப் பகுதிகள் தேவை. அவை இல்லாதபோது பழையதை அழித்து இடம் ஒழுங்குபடுத்திய பிறகே எழுத முடியும். தட்டினால் இரண்டு நொடி கழித்துத் திறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குறைந்தது 5 ஜிபி, முடிந்தால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", அதற்குள் "மேனேஜ் ஸ்டோரேஜ்" என்று போனால் பெரிய கோப்புகள் வரிசையாக வரும். வேண்டியதைக் கணினிக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுத்துவிட்டு மற்றதை நீக்குங்கள். படங்களை மெமரி கார்டுக்கு மாற்றலாம், ஆனால் ஆப்களை மாற்றாதீர்கள். கார்டு உள்மெமரியைவிட மெதுவானது, ஆப் இன்னும் தாமதமாகத்தான் திறக்கும்.

படி 4: சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள்

இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும். பவர் மெனுவைத் திறந்து "பவர் ஆஃப்" என்பதை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். நீங்கள் ஏற்றிய ஆப்கள் எதுவும் இதில் ஓடாது. டேப் இப்போது சுறுசுறுப்பாக இருந்தால் ஏதோ ஓர் ஆப்தான் குற்றவாளி. "கிளீனர்", "பூஸ்டர்" என்று பெயர் வைத்துக்கொண்டு வருபவற்றை முதலில் நீக்குங்கள்.

படி 5: பேட்டரியை அளவிடுங்கள்

டேப்பை 80 சதவீதம் வரை ஏற்றுங்கள். திரை வெளிச்சம் பாதி, ஏர்பிளேன் மோட் ஆன், முன்பே இறக்கி வைத்த ஒரு வீடியோவைச் சரியாக ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். புதிய டேப் இப்படிச் சுமார் 10 மணி நேரம் தாங்கும், அதாவது மணிக்கு 10 சதவீதம் இறங்கும். உங்களுடையது 13 வரை இறங்கினால் கவலை இல்லை. 20-ஐத் தாண்டினால் பேட்டரி பாதி போய்விட்டது என்று பொருள். 25, 30 சதவீதத்தில் இருக்கும்போதே பட்டென்று அணைந்தாலும் அதே நோய்தான்: உள்தடை கூடிப்போன பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடிவதில்லை.

சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு இது புதுச் சேதியாக இருக்காது: லித்தியம் அயனி பேட்டரியை வேகமாகக் கிழடாக்குவது சூடு. ஐபேடை 35 டிகிரி வரையுள்ள சூழலில்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுப்போனால் அந்த எல்லையெல்லாம் சில நிமிடங்களில் கடந்துவிடும். 1,000 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி ஐபேட் பேட்டரி வடிவமைக்கப்பட்டுள்ளது. எனவே அடக்கமாகப் பயன்படுத்திய ஐபேட் நான்கே வருடத்தில் பேட்டரிக்காக ஓய்வு பெற வேண்டியதில்லை.

சார்ஜ் ஏறவே மாட்டேன் என்றால் பேட்டரியைச் சந்தேகிக்குமுன் வயரை மாற்றிப் பாருங்கள், பிறகு சார்ஜரை. டேப்பை அணைத்துவிட்டு, சார்ஜ் துளையில் அடைந்த பஞ்சை மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, ஊக்கு கூடாது, உள்ளிருக்கும் முனைகள் வளைந்துவிடும்.

பேட்டரிதான் போய்விட்டது என்றால் மாற்றுச் செலவைச் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். எங்கள் அளவுகோல் இது: அந்தச் செலவு, அதே தரத்தில் புது டேப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்து, அடுத்த படியிலும் டேப் தேறினால் மாற்றிவிடுங்கள். திரையோ பின்மூடியோ உப்பியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள்.

படி 6: அப்டேட் இன்னும் வருகிறதா?

முடிவை உண்மையில் தீர்மானிக்கும் படி இதுதான். வெளியே புதிதுபோல மின்னும் டேப்கூட இங்கே தோற்கலாம்.

படி 1-ல் எழுதிய காகிதத்தை எடுங்கள். சாம்சங் டேப் ஏ7 (2020) ஆண்ட்ராய்டு 12-லும், டேப் ஏ8 ஆண்ட்ராய்டு 14-லும் நின்றுவிட்டன. ஐபேடில், 2019-ல் வந்த ஏழாம் தலைமுறைக்கு ஐபேட்ஓஎஸ் 18 தான் கடைசி. 2025-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-க்கு, சாதாரண ஐபேட் வரிசையில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

ஆண்ட்ராய்டு எண் நின்றுபோனது மட்டுமே கெடுதல் அல்ல. ஆப்கள் அதன்பிறகும் சில வருடம் ஓடும். ஆண்ட்ராய்டு 9-ம் அதற்குக் கீழும் இருந்தால் கதை வேறு: 2025 ஆகஸ்டிலிருந்து குரோம் பிரவுசரின் புதிய பதிப்புகள் அவற்றுக்கு வருவதில்லை. பேட்ச் தேதி இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் அந்த டேப்பில் வங்கிக் கணக்கு, முக்கியமான இமெயில் எதையும் வைக்காதீர்கள். கோயில் நேரலை, பாட்டு, நாளிதழ் மட்டும் என்றால் தனியாக ஒரு கூகுள் கணக்கு போட்டு ஓட்டலாம்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். "ஜிபே ஓடலை, டேப் பழசாகிப்போச்சு" என்பார்கள். யூபிஐ ஆப்கள் வங்கியில் பதிவான சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் தொடங்கும். சிம் போட இடமில்லாத வைஃபை டேப்பில் அது புதிதிலும் ஓடாது.

படி 7: கடைசியாக ஃபேக்டரி ரீசெட்

டேப்பில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவது இது. இதுவரை எதுவும் பிடிபடவில்லை என்றால் மட்டும் செய்யுங்கள். படங்கள், கோப்புகள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்பதை வேறொரு கருவியில் சோதியுங்கள். ரீசெட் ஆனதும் டேப் பழைய கணக்கைக் கேட்கலாம், அப்போது தெரியாவிட்டால் பூட்டிக்கொள்ளும். ரீசெட் முடிந்தபின் நிஜமாகவே தேவைப்படும் மூன்று நான்கு ஆப்களை மட்டும் ஏற்றி ஒரு வாரம் பாருங்கள். அப்போதும் இழுத்தால், ரேம் (ஆப்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக மெமரி) 2 அல்லது 3 ஜிபியாக இருந்தால், ரேம்தான் பற்றவில்லை. அதைக் கூட்ட வழியில்லை. "ரேம் பிளஸ்" போன்ற வசதி ஸ்டோரேஜின் ஒரு பகுதியைக் கடன் வாங்குகிறது, உண்மையான ரேமின் வேகம் அதில் வராது.

இனி முடிவு

அப்டேட் நின்ற டேப்பில் பணம் சார்ந்த வேலை செய்தாக வேண்டும், அல்லது உங்களுக்குத் தேவையான ஆப் "இந்தக் கருவியில் இயங்காது" என்கிறது, அல்லது ரீசெட்டுக்குப் பிறகும் ரேம் திணறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. திரை உடைந்து பேட்டரியும் போயிருந்தால் அதுவும் சேரும். மற்றபடி பழையதே ஓடட்டும்.

வாங்குவதென்றால் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் வீடியோ கால், பிள்ளையார்பட்டி நேரலை என்றால் 4 ஜிபி ரேம் போதும். 11 அங்குலத் திரையும் சத்தமான ஸ்பீக்கரும் அவர்களுக்கு அதைவிட முக்கியம். அழகப்பா பல்கலைக்கழகத்திலோ பொறியியல் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளை நான்கைந்து வருடம் ஓட்ட வேண்டுமானால் 6 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜுக்குக் குறையாதீர்கள். பேனாவால் எழுதுவார்கள் என்றால் பொருந்துமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சாம்சங் டேப் ஏ9 பிளஸில் அந்த நிறுவனத்தின் எஸ் பென் பேனா வேலை செய்யாது, டேப் எஸ்6 லைட்டில் பெட்டியிலேயே வரும். ஆப்பிள் பென்சில் புரோ எல்லா ஐபேடிலும் எழுதாது. கண்டாங்கிச் சேலை வியாபாரமோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வியாபாரமோ செய்கிறவர்களுக்கு நிறம் சரியாகத் தெரியும் திரை வேண்டும். கடையில் உங்கள் சரக்கின் படத்தைத் திறந்து, அசலை அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

மலிவு டேப்களில் கவனிக்க வேண்டிய இரண்டு: வைஃபை இரு அலைவரிசையிலும் இயங்குகிறதா, வைட்வைன் எல்1 (கட்டண வீடியோக்களின் நகல் பாதுகாப்பு முறையில் உயர்ந்த நிலை) இருக்கிறதா. எல்3 மட்டும் என்றால் கட்டண ஓடிடி தளங்களில் படம் மங்கலாகத்தான் வரும். எத்தனை வருடம் அப்டேட் என்பதை விற்பனையாளர் வாய்ச்சொல்லில் விடாமல் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். உறையும் அன்றே வாங்குங்கள், ஆத்தங்குடிக் கல் தரையில் விழுந்தால் கண்ணாடி தப்புவது அரிது.

சிங்கப்பூரிலிருந்து யாரேனும் வாங்கி வருவதாகச் சொன்னால், அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி உண்டா என்பதை வாங்கும் முன் எழுத்தில் பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். அங்கும் இங்கும் 230 வோல்ட்தான், பிளக்கின் சதுர முள் மட்டுமே வேறு. விலையை ஒப்பிடும்போது அங்கே 9 சதவீதம், இங்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்த தொகையைப் பாருங்கள்.

பழையதைக் கைமாற்றும்போது

புதியதில் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று ஒரு வாரம் பாருங்கள். பிறகு பழையதில் மெமரி கார்டையும் சிம்மையும் எடுத்து, செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். ஐபேடில் "ஃபைண்ட் மை" அணைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவரால் திறக்கவே முடியாது. வீட்டிலேயே பாட்டுக்காக வைத்துக்கொள்வதென்றால் இரவும் பகலும் சார்ஜரில் தொங்கவிடாதீர்கள், பேட்டரி உப்புவதற்கு அது ஒரு வழி. ஓடவே ஓடாததைக் குப்பையில் போடாமல், அந்த நிறுவனத்தின் தளத்தில் மின்கழிவு சேகரிப்பு மையம் எங்கே என்று பார்த்து ஒப்படையுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பழையவை மறுசுழற்சிக்குப் போய்ச்சேர வைப்பது தயாரித்தவர்களின் பொறுப்பு.